பூஸ்டர் எங்கே இருக்க வேண்டும்: வானொலி சிக்னல் பெருக்கியும் அதைப் பொருத்தும் முறையும்

வானொலி நிலையத்திலிருந்து கிலோவாட் கணக்கில் கிளம்பும் ஆற்றல், வீட்டு ஆன்டெனாவுக்கு வந்து சேரும்போது மைக்ரோவோல்ட் கணக்குக்கு இறங்கிவிடுகிறது. தடையே இல்லாத வெளியில்கூட, தொலைவு இரட்டித்தால் கிடைக்கும் ஆற்றல் நான்கில் ஒரு பங்காகும். நடுவில் குன்றோ கட்டடமோ தோப்போ இருந்தால் இழப்பு இன்னும் கூடும். இப்படி நலிந்து வரும் சிக்னலை, ரேடியோவுக்குள் நுழையும் முன்பே பெரிதாக்கித் தரும் கருவிதான் பூஸ்டர். உள்ளங்கையில் அடங்கும் பெட்டி; ஒரு பக்கம் ஆன்டெனா, மறுபக்கம் ரேடியோ, உள்ளே ஒன்றிரண்டு டிரான்சிஸ்டர்கள். அமைப்பு இவ்வளவு எளிதாக இருந்தும், ஒரே வகைப் பூஸ்டர் ஒரு வீட்டில் நன்றாக வேலை செய்கிறது, அடுத்த தெருவில் ஒன்றுக்கும் உதவாமல் போகிறது, வேறொரு வீட்டில் அதுவரை தெளிவாகக் கேட்ட நிலையத்தையும் கெடுத்துவிடுகிறது. பெட்டியின் தரத்தை மட்டும் வைத்து இதை விளக்க முடியாது. சிக்னலோடு இரைச்சல் எந்த இடத்தில் வந்து கலக்கிறது என்பதே பூஸ்டரின் பயனைத் தீர்மானிக்கிறது.

பெருக்கத்தை டெசிபலில் சொல்வது வழக்கம். 3 டெசிபல் என்றால் ஆற்றல் இரு மடங்கு. 10 என்றால் பத்து மடங்கு. 20 என்றால் நூறு மடங்கு. பூஸ்டர் அட்டைகளில் 20, 30 என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பது இந்தப் பெருக்க எண்தான். வாங்குபவரின் கண்ணும் அதில்தான் போய் நிற்கிறது. ஆனால் தேடிப் பார்க்க வேண்டியது வேறோர் எண்: பூஸ்டர் தன் பங்குக்கு எவ்வளவு இரைச்சலைச் சேர்க்கிறது என்று காட்டும் இரைச்சல் எண். அது 1 அல்லது 2 டெசிபலாக இருந்தால் நல்ல பூஸ்டர். 6, 7 என்று இருந்தால் பெருக்கம் எவ்வளவு இருந்தாலும் பலன் குறைவு. அட்டையில் அந்த எண்ணே இல்லாவிட்டால் வாங்காமல் இருப்பதே நல்லது.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது? முதல் ஊற்று வெப்பம். மின்தடையுள்ள எந்தப் பொருளிலும் எலக்ட்ரான்கள் ஓயாமல் அலைபாய்கின்றன. அந்த அலைச்சலே மிகச் சிறிய மின்னழுத்தமாக அதன் இரு முனைகளிலும் தோன்றுகிறது. அமெரிக்காவின் பெல் நிறுவனத்தில் பணியாற்றிய ஜான் ஜான்சன் இதை அளந்து காட்டினார். உடன் பணியாற்றிய ஹாரி நைக்விஸ்ட் அதற்கான கணிதத்தைத் தந்தார். இருவரின் கட்டுரைகளும் 1928இல் வெளிவந்தன. அந்தக் கணிதப்படி, ஒரு பண்பலை நிலையத்துக்குத் தேவையான 200 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில், 75 ஓம் கேபிளில், அறை வெப்பத்தில் எழும் இரைச்சல் ஏறத்தாழ கால் மைக்ரோவோல்ட். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ரேடியோவானாலும் இது அதன் அடித்தளத்திலேயே இருக்கும். சிக்னல் இதைவிடப் போதிய அளவு உயர்ந்து நின்றால்தான் பேச்சும் பாட்டும் தெளிவாக வரும்.

பண்பலையில் இந்த உயரத்துக்கு ஒரு வாசல் உண்டு. சிக்னல் இரைச்சலைவிட ஏறத்தாழ 10 டெசிபல் மேலே இருக்கும்வரை ஒலி தெளிவாகவே இருக்கும். அதற்குக் கீழே இறங்கினால் சடசடவென்று இரைச்சல் பொங்கி எழும். மத்திய அலையைப் போல மெல்ல மெல்ல மங்குவதில்லை. அந்த வாசலில் தடுமாறும் நிலையத்துக்கு மூன்று நான்கு டெசிபல் உதவி கிடைத்தாலும் கேட்பவருக்கு வேறு ரேடியோ மாற்றியதுபோலத் தோன்றும். பூஸ்டரைப் பற்றிய வியப்புக் கதைகள் பெரும்பாலும் இந்த எல்லையில் இருந்த வீடுகளில் பிறந்தவை. ஏற்கெனவே தெளிவாகக் கேட்கும் நிலையத்துக்கு 30 டெசிபல் கூட்டினாலும் காதுக்கு எதுவும் தெரியாது.

சிக்னல் நுழைந்த பிறகு அதோடு கலந்துவிட்ட இரைச்சலை எந்தப் பெருக்கியும் பிரித்தெடுக்காது. கலங்கிய தண்ணீரைப் பெரிய மோட்டார் போட்டு இறைத்தால் தண்ணீர் வேகமாக வரும்; கலங்கல் தெளியாது. இரண்டும் ஒரே அளவில் பெரிதாகும். அதற்கு மேல் பூஸ்டரின் சொந்த இரைச்சலும் சேரும். அப்படியானால் பூஸ்டரால் என்ன பயன்? தனக்குப் பின்னால் வரும் கேபிளும், சிக்னலைப் பிரித்துத் தரும் ஸ்பிளிட்டரும், ரேடியோவின் முதல் கட்டமும் செய்யும் கெடுதலை அது மறைத்துவிடுகிறது. இதைக் கணக்காக்கித் தந்தவர் டென்மார்க்கில் பிறந்து பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய ஹரால்ட் ஃப்ரீஸ். 1944இல் அவர் வெளியிட்ட வாய்ப்பாடு, தொடராக இணைந்த கருவிகளில் முதல் கருவியின் இரைச்சலே மொத்தத்தையும் ஆள்கிறது என்று காட்டியது. இரண்டாவது கருவியின் இரைச்சல், முதல் கருவியின் பெருக்கத்தால் வகுபட்டுச் சுருங்கிவிடுகிறது. அதனால்தான் பூஸ்டரின் இடம் கேபிளின் எந்த முனை என்பது இவ்வளவு முக்கியமாகிறது.

ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால் இது விளங்கும். மொட்டை மாடியில் ஆன்டெனா. அங்கிருந்து 30 மீட்டர் ஆர்.ஜி.-6 கேபிள், கீழே இரண்டு அறைகளுக்குப் பிரிக்க ஒரு ஸ்பிளிட்டர். பண்பலை அலைவரிசையில் அந்தக் கேபிளில் 2 டெசிபலும், ஸ்பிளிட்டரில் ஏறத்தாழ 4 டெசிபலும், ஆக 6 டெசிபல் போய்விடுகிறது. ரேடியோவின் சொந்த இரைச்சல் எண் 7 என்று கொள்ளலாம். பூஸ்டர் இல்லாமல் மொத்த இரைச்சல் எண் 13. இனி 20 டெசிபல் பெருக்கமும் 2 டெசிபல் இரைச்சல் எண்ணும் உள்ள பூஸ்டரை ரேடியோவுக்குப் பக்கத்தில், மேசை மேல் வைத்தால் மொத்தம் 8.1 ஆகிறது. அதே பூஸ்டரை மாடியில், ஆன்டெனாவின் அடியிலேயே வைத்தால் மொத்தம் 2.5. பெட்டி ஒன்றுதான், மின்சாரச் செலவும் ஒன்றுதான்; மேசையிலிருந்து மாடிக்கு ஏற்றியதால் மட்டும் ஐந்தரை டெசிபல் லாபம். கேபிளில் தொலைந்துபோன சிக்னலைக் கேபிளுக்குப் பின்னால் நிற்கும் பெருக்கியால் மீட்க முடியாது.

ஆனாலும் இந்த லாபம் முழுவதும் காதுக்கு வந்து சேருமா என்பது ஊரைப் பொறுத்தது. ஆன்டெனா சிக்னலை மட்டும் பிடிப்பதில்லை. காற்றில் இருக்கும் இரைச்சலையும் சேர்த்தே பிடிக்கிறது. மலிவான எல்.இ.டி. விளக்குகள், சார்ஜர்கள், இன்வெர்ட்டர்கள், மோட்டார்கள், மின்கம்பத்தில் பழுதடைந்த பீங்கான் எல்லாமே இரைச்சல் நிலையங்கள்தான். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ரேடியோ இரைச்சல் பரிந்துரைப்படி, குடியிருப்புப் பகுதியில் 100 மெகாஹெர்ட்ஸில் இந்தப் புற இரைச்சல் வெப்ப இரைச்சலைவிடச் சுமார் 17 டெசிபல் மேலே நிற்கிறது. அங்கே மேற்சொன்ன பூஸ்டரை மாடியிலேயே வைத்தாலும் கிடைக்கும் உண்மையான முன்னேற்றம் ஏறத்தாழ ஒன்றேகால் டெசிபல்தான். வெளியிலிருந்து வரும் இரைச்சல் முன்பே மிகுந்திருப்பதால், ரேடியோவின் இரைச்சலைக் குறைத்து என்ன ஆகும்?

ஆரவாரமில்லாத நாட்டுப்புறத்தில் நிலைமை வேறு. அங்கே மனிதர் உண்டாக்கும் இரைச்சல் தணிந்து, 100 மெகாஹெர்ட்ஸில் மேலோங்கி நிற்பது வானிலிருந்து வரும் இரைச்சல். அது வெப்ப இரைச்சலைவிட 6 டெசிபல் அளவே அதிகம். பால்வெளி மண்டலத்திலிருந்து ரேடியோ இரைச்சல் வருகிறது என்று 1933இல் உலகுக்கு அறிவித்தவர் கார்ல் ஜான்ஸ்கி. கடல் கடந்த தொலைபேசித் தொடர்பைக் கெடுக்கும் இரைச்சல்களை ஆராயப் பணிக்கப்பட்ட இளம் பொறியாளர் அவர். அவருக்கு மேலதிகாரியாக இருந்தவர் இதே ஃப்ரீஸ்தான். ரேடியோ வானியல் என்ற துறைக்கே வித்திட்ட அந்தக் கண்டுபிடிப்பு, பண்பலைப் பூஸ்டருக்கும் ஓர் எல்லைக்கோடு போட்டுக் கொடுத்துவிட்டது. அந்த எல்லைக்குள், அமைதியான கிராமத்தில், மாடியில் வைத்த பூஸ்டர் ஏறத்தாழ 7 டெசிபல் முன்னேற்றம் தரும். நகரத்து நண்பர் பயனில்லை என்று தூக்கிப் போட்ட பூஸ்டர் கிராமத்து வீட்டில் உயிர்பெறுவதற்குக் காரணம் இதுதான்.

மத்திய அலைக்கு வந்தால் கணக்கு தலைகீழாகிறது. முன்பு சொன்ன சர்வதேச ஒன்றியத்தின் பரிந்துரை, குடியிருப்புப் பகுதியில் 1 மெகாஹெர்ட்ஸில் புற இரைச்சலை 70 டெசிபலுக்கும் மேலாகக் காட்டுகிறது. பத்து லட்சம் மடங்கின் பத்து மடங்கு என்று அதைப் புரிந்துகொள்ளலாம். இடிமின்னலின் சடசடப்பும் அதில் வந்து சேரும். இவ்வளவு இரைச்சலுக்கு முன் ரேடியோவின் இரைச்சல் ஒரு பொருட்டே இல்லை. எனவே மத்திய அலைக்குப் பூஸ்டர் வாங்குவது அநேகமாக வீண்செலவு. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைத் தமிழ்நாட்டுக் கடற்கரை மக்கள் தலைமுறைக் கணக்கில் மத்திய அலையில் கேட்டது பூஸ்டரால் அன்று. நீர்ப்பரப்பின் மேல் மத்திய அலை குறைந்த இழப்போடு செல்வதும், இரவில் வானின் அயனிப் படலத்தில் பட்டுத் திரும்புவதும்தான் அதற்குக் காரணம். மத்திய அலையில் கேட்பவர் செய்யக்கூடியது, ரேடியோவையே திருப்பி வைப்பது. பெட்டிக்குள் இருக்கும் ஃபெரைட் கம்பி, தன் முனை நீட்டிய திசையிலிருந்து வருவதைப் பிடிக்காது. அந்த முனையை இரைச்சல் வரும் பக்கம் காட்டினால் இரைச்சல் அமுங்கும்.

பண்பலை அலைகள் பெரும்பாலும் நேர்க்கோட்டில் செல்பவை. பூமியின் வளைவு அவற்றுக்கு எல்லை வகுக்கிறது. கோபுரத்தின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் அந்த எல்லை கிலோமீட்டரில் கிடைக்கும்; காற்று மண்டலம் அலையைச் சற்றே வளைப்பதையும் சேர்த்த கணக்கு இது. 100 மீட்டர் கோபுரத்துக்கு 41 கி.மீ.; 10 மீட்டர் உயரத்தில் நிற்கும் ஆன்டெனாவுக்கு 13 கி.மீ.; இரண்டும் சேர்ந்து 54 கி.மீ. 1977இல் இந்தியாவின் முதல் பண்பலை ஒலிபரப்பு சென்னையில் தொடங்கியபோது கேட்டவர்கள் நகரத்தவர்களே என்பதற்குக் காரணமும் இந்த எல்லைதான். கொடைக்கானல் பண்பலையோ 100.5 மெகாஹெர்ட்ஸில் மதுரை, திண்டுக்கல், தேனி என்று தென்மாவட்டங்கள் பலவற்றில் கேட்கிறது. ஏறத்தாழ 2100 மீட்டர் உயரத்து மலை ஊரே அதற்குக் கோபுரம். சமவெளியிலிருந்து பார்த்தால் எல்லை 180 கி.மீ.யைத் தாண்டுகிறது. அந்த வட்டத்துக்குள் மங்கலாகக் கேட்கும் ஊர்களில் பூஸ்டர் உதவும். மலை மடிப்புக்குள் அலையே எட்டாத இடத்தில் பெருக்குவதற்கு எதுவும் இல்லை.

எல்லைக்கு அப்பாலும் அலை வந்து சேர்ந்த கதை தமிழ்க் கடற்கரைக்குத் தெரியும். 1982 பிப்ரவரியில் இலங்கையின் ரூபவாஹினி தொலைக்காட்சி தொடங்கியபோது, பிதுருதலாகல மலையுச்சியிலிருந்து கிளம்பிய அலைகளைத் தூத்துக்குடி போன்ற ஊர்களில் உயரமான இரும்புக் குழாய்களை நட்டு, பல கம்பிகள் கொண்ட யாகி ஆன்டெனாவும் பூஸ்டரும் வைத்துப் பிடித்தார்கள். அந்த மலையிலிருந்து தூத்துக்குடி 300 கி.மீ.க்கும் அப்பால், நேர்க்கோட்டு எல்லை அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. மன்னார் வளைகுடாவின் மேல் வெப்பமும் ஈரமும் அடுக்கடுக்காக நிற்கும் நாள்களில், காற்றடுக்கு அலையைக் கடலை ஒட்டியே வளைத்துக் கொண்டுவந்து சேர்த்தது. படம் ஒருநாள் பளிச்சென்று வந்து மறுநாள் புள்ளிப் புள்ளியாகக் கரைந்ததும் அதனால்தான். அந்த வீடுகளில் பூஸ்டர் பெட்டி ஆன்டெனாவுக்கு அடியிலேயே, குழாயின் உச்சியில் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஃப்ரீஸின் வாய்ப்பாடு தெரியாமலே பொருத்துபவர்கள் சரியான இடத்தைக் கண்டுபிடித்திருந்தார்கள்.

பெட்டியின் உட்புறம் அதிகம் விவரிக்க வேண்டியதில்லை. உள்ளீட்டில் ஒரு வடிகட்டி; அது 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையிலானதை மட்டும் விட்டு மற்றவற்றைத் தடுக்கிறது. பின்னர் குறைந்த இரைச்சல் டிரான்சிஸ்டர். மாடியில் இருக்கும் பெட்டிக்கு மின்சாரம் சிக்னல் வரும் அதே கேபிளிலேயே மேலே போகிறது. தனி வயர் கிடையாது. வீட்டுக்குள் வைக்கும் அடாப்டர் பெட்டியில் ஒரு கம்பிச்சுருளும் ஒரு மின்தேக்கியும் இருக்கின்றன. சுருள் 12 வோல்ட் நேர்மின்னோட்டத்தை விட்டு வானொலி அலையைத் தடுக்கிறது. மின்தேக்கி அலையை விட்டு நேர்மின்னோட்டத்தைத் தடுக்கிறது. இவ்வாறு ஒரே செம்புக் கம்பியில் சிக்னல் கீழே வருகிறது, மின்சாரம் மேலே போகிறது.

பூஸ்டரால் விளையும் கேடு இரண்டு வகை. முதலாவது, வலுவான நிலையங்களுக்குப் பக்கத்தில் பெருக்கி திணறுவது. சென்னையில் 92.7, 93.5 என்ற இரு அலைவரிசைகளில் தனியார் பண்பலை நிலையங்கள் இயங்குகின்றன. அவற்றின் கோபுரங்களுக்கு அருகில் உள்ள வீட்டில் பெரிய பூஸ்டரை வைத்தால், டிரான்சிஸ்டர் தன் எல்லையைத் தொட்டு இரண்டையும் பிசைந்துவிடும். 93.5இன் இரு மடங்கிலிருந்து 92.7ஐக் கழித்தால் 94.3, 92.7இன் இரு மடங்கிலிருந்து 93.5ஐக் கழித்தால் 91.9. இந்த இரண்டு இடங்களிலும் இல்லாத ஒரு கலவை ஒலி முளைக்கும். அந்த இடங்களில் வேறு நிலையங்கள் இருந்தால், முளைத்தது அவற்றின் மேலேயே போய் விழும். நிலையங்களைச் சம இடைவெளியில் அடுக்கியதால் வரும் விளைவு இது. உள்ளே வரும் சிக்னல் 1 டெசிபல் கூடினால் இந்தக் கலவை 3 டெசிபல் கூடுகிறது. எனவே பெருக்கத்தைச் சற்றுக் குறைத்தாலே அது மளமளவென்று இறங்கும். பூஸ்டர் வைத்த பிறகு ஒரே நிலையம் பல இடங்களில் கேட்கிறது, பாட்டுக்குள் வேறு பாட்டு ஒலிக்கிறது என்றால் கோளாறு இதுதான். இரண்டாவது கேடு, வெளியீட்டிலிருந்து கசியும் அலை மீண்டும் ஆன்டெனாவுக்குள் நுழைந்து பூஸ்டரே ஊளையிடுவது. அப்போது அது ஒரு சிறு ஒலிபரப்பியாகிவிடும். பக்கத்து வீட்டு ரேடியோவும் கெடும். கவசம் சரியாக இணையாத கேபிளும், ஆன்டெனாவை ஒட்டிச் சுற்றி வைத்த மிச்சக் கேபிளும் இதற்கு வழி செய்கின்றன.

பொருத்தும் வேலை ஆன்டெனாவிலிருந்து தொடங்க வேண்டும். ஆன்டெனாவின் பெருக்கம் தன்னிடமிருந்து இரைச்சலைச் சேர்க்காமல் ஒரு திசையிலிருந்து வருவதைத் திரட்டித் தருகிறது. மற்ற திசைகளின் இரைச்சலையும் குறைக்கிறது. இதைப் பூஸ்டரால் செய்ய இயலாது. 100 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 3 மீட்டர். பாதி அலைநீள இருமுனை ஆன்டெனாவை முனை விளைவுக்காகச் சற்றுக் குறைத்து 143 செ.மீ. நீளத்தில் செய்வார்கள். அதன் பின்னால் ஏறத்தாழ 5 விழுக்காடு நீளமான கம்பியும் முன்னால் அதே அளவு குட்டையான கம்பியும் சேர்த்தால் மூன்று கம்பி யாகி ஆன்டெனா. ஜப்பானின் தோஹோக்கு பல்கலைக்கழகத்தில் ஷின்டாரோ உதாவும் ஹிடெட்சுகு யாகியும் 1926இல் உலகுக்குத் தந்த வடிவம் இது. வேலையில் பெரும்பங்கு உதாவுடையது. பெயர் யாகிக்குப் போய்விட்டது. வெற்று இருமுனைக்குப் பதில் இதை நிலையத்தை நோக்கித் திருப்பி வைத்தால் ஏறத்தாழ 5 டெசிபல் கூடுகிறது. நகரத்தில் பூஸ்டர் தந்த ஒன்றேகால் டெசிபலோடு இதை ஒப்பிட்டால், பணத்தை எதில் போடுவது என்பதில் ஐயம் இருக்காது.

ஆகவே முதலில் பூஸ்டரே இல்லாமல் ஆன்டெனாவை ஏற்றி, திருப்பி, படுக்கை வாக்கிலும் செங்குத்தாகவும் வைத்துப் பார்த்து, சிறந்த நிலையைக் கண்டுபிடித்துவிட வேண்டும். ஒருவர் மாடியிலும் ஒருவர் ரேடியோப் பக்கத்திலும் நின்று செய்தால் வேலை சீக்கிரம் முடியும். குழாய் நடும் இடத்தைத் தேர்வதில் விட்டுக்கொடுக்க முடியாத நிபந்தனை ஒன்று உண்டு: குழாய் முழு நீளத்துக்கும் எந்தப் பக்கம் சாய்ந்து விழுந்தாலும் மின்கம்பியைத் தொடக் கூடாது. ஆன்டெனாக் குழாயை நிமிர்த்தும்போது மேலே போகும் மின்கம்பியில் பட்டு உயிரிழந்தவர்கள் உண்டு. சிக்னல் எவ்வளவு நன்றாகக் கிடைத்தாலும் கம்பிக்குப் பக்கத்து மூலை வேண்டாம். மழைமேகம் கூடியிருக்கும்போது மாடியேறுவதும் கூடாது.

சிறந்த நிலையில் ஆன்டெனாவை இறுக்கிய பின் பூஸ்டர். ஆன்டெனாவின் முனை 300 ஓம் வகையாக இருந்தால், 75 ஓம் கேபிளுக்கு மாற்றித் தரும் பலூன் என்ற சிறு மின்மாற்றி நடுவே வேண்டும். பல பூஸ்டர்களில் அது உள்ளேயே இருக்கிறது. ஆன்டெனாவிலிருந்து பூஸ்டருக்கு வரும் கேபிள் ஒரு முழத்துக்கு மேல் நீளக் கூடாது. பெட்டியை, கேபிள் நுழையும் துளைகள் கீழ்நோக்கி இருக்கும்படி குழாயில் கட்ட வேண்டும். துளை மேல்நோக்கி இருந்தால் முதல் மழையிலேயே பெட்டி தண்ணீர்த் தொட்டியாகிவிடும். உள்ளீடு ஆன்டெனாப் பக்கம், வெளியீடு கீழே போகும் கேபிள் பக்கம். மாற்றிப் போட்டால் ஒன்றுமே கேட்காது. புதிதாகப் பொருத்துபவர் முதலில் சரிபார்க்க வேண்டியதும் இதுவே.

கேபிள் முனையில் எஃப் கனெக்டர் போடும் வேலையில்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன. வெளித்தோலை உரித்து, பின்னிய மெல்லிய கம்பிகளைத் தோலின் மேல் பின்னோக்கி மடித்துவிட்டு, வெள்ளை நுரைக்காப்பை நறுக்கி, நடுச் செம்பு கனெக்டரின் விளிம்புக்கு வெளியே இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீட்டி நிற்கும்படி விட வேண்டும். பின்னலின் ஒரே ஓர் இழை, முடி அளவு, நடுச் செம்பைத் தொட்டாலும் போதும்: மேலே போகும் 12 வோல்ட் அங்கேயே குறுக்காகிவிடும். அடாப்டரின் விளக்கு மங்கும், பெட்டி சூடாகும், ரேடியோ ஊமையாகும். கேபிளைப் பூஸ்டரில் பூட்டும் முன் மல்டிமீட்டரை மாடிமுனையில் வைத்து, நடுச் செம்புக்கும் உறைக்கும் நடுவே 12 வோல்ட் வருகிறதா என்று பார்த்துவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை. நடுவில் ஸ்பிளிட்டர் இருந்தால் அது மின்சாரத்தைக் கடத்தும் வகையா, கடத்துவது எந்த முனை என்பதையும் பார்க்க வேண்டும். பல ஸ்பிளிட்டர்கள் நேர்மின்னோட்டத்தைத் தடுத்துவிடும். அப்போது அடாப்டரை ஸ்பிளிட்டருக்கும் மாடிக்கும் நடுவில் வைப்பதே எளிய வழி.

மழைக்காலத்தைக் கருதி வெளியில் இருக்கும் ஒவ்வொரு கனெக்டரையும் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால் சுற்ற வேண்டும். சாதாரண இன்சுலேஷன் டேப் ஒரு கோடையிலேயே காய்ந்து உரிந்துவிடும். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்துக்குச் சற்று முன்னால் அதைத் தொங்கலாக வளைத்து விட்டால், வழிந்துவரும் தண்ணீர் வளைவின் அடியில் சொட்டிவிடும், சுவருக்குள் போகாது. கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று பின்னல் கம்பியைப் பச்சையாக்கித் தின்றுவிடும். அங்கே ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் முனையை ஒரு சாண் வெட்டி எறிந்து புது கனெக்டர் போடுவது நல்ல பழக்கம்.

குழாயும் கேபிளின் பின்னல் உறையும் எர்த்தோடு இணைய வேண்டும். குழாயிலிருந்து தடித்த செம்புக் கம்பி நேராக, கூர் வளைவுகள் இல்லாமல் மண்ணில் பதித்த எர்த் கம்பிக்கு இறங்க வேண்டும். கேபிள் வீட்டுக்குள் நுழையும் முன் அதன் உறையும் ஓர் எர்த் இணைப்பானில் சேர வேண்டும். இந்த எர்த்தும் வீட்டு மின்இணைப்பின் எர்த்தும் ஒன்றோடொன்று பிணைந்திருப்பது அவசியம். தனித்தனியே விட்டால், பக்கத்தில் இடி விழும்போது இரண்டுக்கும் நடுவே எழும் மின்னழுத்தம் ரேடியோவுக்குள்தான் பாயும். நேராக ஆன்டெனாவின் மேலேயே விழும் இடியிலிருந்து இந்த ஏற்பாடு பூஸ்டரைக் காப்பாற்றாது. வீட்டையும் அதில் இருப்பவர்களையும் காக்கும் ஏற்பாடு இது.

பொருத்தி முடித்ததும் பெருக்கத் திருகு இருந்தால் அதைக் கடைசிவரை முறுக்கக் கூடாது. கேபிளிலும் ஸ்பிளிட்டரிலும் போகும் இழப்புக்கு மேல் 10 டெசிபல் அளவு பெருக்கம் இருந்தால் ஃப்ரீஸின் கணக்குப்படி பெரும்பங்கு பலன் வந்துவிடுகிறது. அதற்கு மேல் கூட்டுவது திணறலைத்தான் வளர்க்கும். குறைவில் தொடங்கி, நலிந்த நிலையம் தெளியும்வரை கூட்டி, அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பூஸ்டர் இருந்தும் மெல்லிய இரைச்சல் மிஞ்சினால் ரேடியோவை ஸ்டீரியோவிலிருந்து மோனோவுக்கு மாற்றிப் பார்க்கலாம். ஸ்டீரியோ ஒலியின் வேறுபாட்டுப் பகுதி 38 கிலோஹெர்ட்ஸ் துணை அலையில் ஏறி வருவதால் அது இரைச்சலை அதிகம் இழுத்துக்கொள்கிறது. மோனோவுக்கு மாறினால் 20 டெசிபல் அளவுக்குத் தெளிவு கூடும். ஒரு பொத்தானை அழுத்திப் பெறும் இந்த லாபத்தை எந்தப் பூஸ்டரும் தருவதில்லை.

கார் ரேடியோவில் இந்தக் கணக்கெல்லாம் சிறிய இடத்துக்குள் நடக்கிறது. கூரைமேல் நிற்கும் கம்பி 75 செ.மீ. அளவில் இருந்தால் அது கால் அலைநீளம். காரின் உலோக உடலே மறுபாதி. இப்போதைய கார்களில் குட்டைக் கம்பியோ சுறாத் துடுப்பு வடிவமோ பின்கண்ணாடியில் ஒட்டிய கோடுகளோதான் ஆன்டெனா. குட்டையாவதால் குறையும் சிக்னலை ஈடுகட்ட அதன் அடியிலேயே ஒரு பெருக்கி இருக்கிறது. அதற்கும் 12 வோல்ட் வேண்டும். காருடன் வந்த ஸ்டீரியோவைக் கழற்றிவிட்டு வேறு ஒன்றைப் பொருத்தியதும் பண்பலை கேட்காமல் போவதற்கு முதற்காரணம் இந்த 12 வோல்ட் நின்றுபோவதே. புது ஸ்டீரியோவில் ஆன்டெனாவுக்கென்று வரும் நீல வயரை, மின்சாரம் ஏற்றும் அடாப்டர் வழியாக ஆன்டெனாக் கேபிளோடு இணைத்தால் பழைய தெளிவு திரும்பிவிடும். இது தெரியாமல் டாஷ்போர்டுக்குப் பின்னால் இன்னொரு பூஸ்டரைச் செருகுவதால், செத்துக் கிடக்கும் முதல் பெருக்கி உயிர்பெறாது. ஆன்டெனா அடியின் உலோகத் தொடுப்பு துருப்பிடித்திருந்தாலும் இதே அறிகுறி தோன்றும். அதைக் கழற்றி, பெயின்ட்டைச் சுரண்டி, பளிச்சென்ற உலோகத்தில் இறுக்கிப் பூட்டுவது அரைமணி நேர வேலை. இரண்டும் சரியாக இருந்து, நெடுஞ்சாலையில் மட்டும் நிலையம் மங்குகிறது என்றால் இடைப் பூஸ்டரை முயன்று பார்க்கலாம். நகரத்துக்குள் நுழையும்போது அதை அணைத்துவிட ஒரு சுவிட்ச் இருப்பது நல்லது.

கைப்பேசி சிக்னலுக்கென்று விற்கப்படும் பூஸ்டர், பெயர் ஒன்றானாலும் முற்றிலும் வேறு கருவி. மேற்சொன்னவை அனைத்தும் வாங்க மட்டுமே செய்கின்றன. கைப்பேசிப் பூஸ்டரோ கோபுரத்திலிருந்து வருவதைப் பெருக்கி வீட்டுக்குள்ளும், கைப்பேசியிலிருந்து போவதைப் பெருக்கிக் கோபுரத்துக்கும் ஒலிபரப்புகிறது. வெளி ஆன்டெனாவுக்கும் உள் ஆன்டெனாவுக்கும் இடையிலான தனிமை, அதாவது ஒன்றின் அலை மற்றொன்றை எட்டும் முன் அடையும் இழப்பு, பெருக்கத்தைவிட ஏறத்தாழ 15 டெசிபலாவது அதிகமாக இருக்க வேண்டும். 70 டெசிபல் பெருக்கத்துக்கு 85 டெசிபல் தனிமை. ஒரு செங்கல் சுவரை நடுவில் வைத்து அவ்வளவு தனிமையைப் பெற முடியாது. தனிமை போதாவிட்டால் கருவி ஊளையிட்டு, கோபுரத்தின் வாங்கும் அலைவரிசை முழுவதையும் இரைச்சலால் நிரப்பும். ஒரு கடையின் மாடியில் மலிவுப் பூஸ்டர் ஊளையிட்டால் அந்தக் கோபுரத்தை நம்பியிருக்கும் பகுதி முழுவதும் அழைப்புகள் அறுபடும்; ஆம்புலன்ஸைக் கூப்பிட நினைப்பவரின் அழைப்பும் அதில் அடங்கும்.

இதனால் இந்தியாவில் தனியார் தம் விருப்பப்படி கைப்பேசிப் பூஸ்டர் வைப்பதற்கு அனுமதி இல்லை. 1933ஆம் ஆண்டின் இந்திய வயர்லெஸ் தந்திச் சட்டம், உரிமம் இல்லாமல் இத்தகைய கருவியை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும் அந்த நெறியை ஏற்றிருக்கிறது. கடையிலும் இணையத்திலும் தாராளமாகக் கிடைக்கிறது என்பது சட்டபூர்வமானது என்பதற்குச் சான்றாகாது. கட்டடத்துக்குள் சிக்னல் எட்டாதவர்கள் சேவை நிறுவனத்திடம் முறையிட்டால், தேவைக்கேற்பக் கருவியை அந்நிறுவனமே தன் அலைவரிசைக்கு மட்டும் பொருந்துமாறு, தானே அளந்து வைக்கலாம். அகலக்கற்றை இணைப்பு இருக்கும் வீடுகளில் கைப்பேசியின் அமைப்புப் பகுதியில் வைஃபை அழைப்பு வசதியை இயக்கிவிட்டால், கருவி எதுவும் வாங்காமலே பேசலாம்.